பொய்த்தட்டு

வெள்ளைக்குழியில் சுண்ணாம்புத் தூள் படியாத பொருள் ஒன்று கிடையாது. கூரை மீதும் கோழி மீதும் காயப்போட்ட சேலை மீதும் கோயில் மாதாவின் இமை மீதும் அது படிந்துகொண்டே இருக்கும், பிறந்த பிள்ளையின் நெற்றியில் தாயின் முத்தத்துக்கு முன்னால் விழுவது அந்தத் தூள்தான், அதனால் அந்த ஊரில் யார் எங்கே போனார், யார் வீட்டு வாசல் வரை போய்க் கூப்பிடாமல் திரும்பினார் என்று தெரிந்துகொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை, தரையைப் பார்த்தால் போதும். மேட்டில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிறவர்களின் மேல் லைன் வீடுகள், பள்ளத்தில் குவாரியில் கல் ஏற்றுகிறவர்களின் கீழ் லைன். இரண்டுக்கும் ஒரே கோயில், ஒரே தண்ணீர்த்தொட்டி, ஒரே சுடுசொல். மேல் லைன்காரன் தொட்டியில் குடம் வைத்தால் கீழ் லைன்காரி காறித் துப்புவாள், கீழ் லைன்காரி பூசையில் முன்வரிசையில் உட்கார்ந்தால் மேல் லைன்காரி எழுந்து பின்னால் போய்விடுவாள். இது ஏன் என்று இரண்டு பக்கமும் கேட்டால் இரண்டு பக்கமும் அடிக்க வரும்.

மேல் லைனின் கடைசி வீட்டில் இருந்தவள் அமலோற்பவம். அவள் பீர் காய்ச்சுகிறவள். வெள்ளைக்கார முதலாளி இருந்த காலத்தில், திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் லைனில் ஒரு வீட்டார் பார்லி பீர் காய்ச்சிக்கொள்ளலாம் என்று கம்பெனி அனுமதி கொடுத்திருந்தது. முதலாளி கப்பலேறினான், கொடி மாறியது, கம்பெனி பல கை மாறியது, அந்த அனுமதியை ரத்து செய்ய மட்டும் எல்லோரும் மறந்துவிட்டார்கள். முளைகட்டி உலர்த்திய பார்லியை ஒன்றிரண்டாக உடைத்து, பெரிய பித்தளை அண்டாவில் கொட்டி, கை பொறுக்காத சூட்டில் வெந்நீர் ஊற்றி மூடிவைத்தால், பொழுது ஏற ஏறத் தானியத்துக்குள் இருக்கிற இனிப்பெல்லாம் தண்ணீருக்கு வந்துவிடும். அண்டாவின் அடியில் இருக்கிற குழாயைத் திறந்து அந்தச் சாற்றை வடித்து, வேப்பம்பூ போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் பழைய நுரையில் ஒரு கரண்டி விட்டால் மிச்ச வேலையை நுரை பார்த்துக்கொள்ளும். ஆனால் சாறு தெளிவாக இறங்க வேண்டுமென்றால் அண்டாவின் உண்மையான அடிக்குக் கொஞ்சம் மேலே, ஓட்டை போட்ட இன்னோர் அடி வேண்டும். உமியும் சக்கையும் அதன் மேலே தங்கிவிடும், இனிப்பு மட்டும் கீழே இறங்கும். அதற்குப் பொய்த்தட்டு என்று பெயர். அமலோற்பவத்தின் பொய்த்தட்டு, மகள் குளோரிக்குக் கல்யாணம் நிச்சயமான மாதத்தில், நடுவில் இற்று இரண்டாக உடைந்தது.

பொய்த்தட்டு இல்லாமல் காய்ச்சினால் குழாயில் கூழ் அடைத்துக்கொள்ளும், பீர் புளித்த கஞ்சி மாதிரி இருக்கும், மாப்பிள்ளை வீட்டார் அதைச் சொல்லிக்காட்டிக்கொண்டே இருப்பார்கள். ஏற்கெனவே அவர்கள் சொல்லிக்காட்டத்தான் காத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா இருதயநாதன் ஆலையில் போர்மேன், பெண் பார்க்க வந்த அன்றே, "பொண்ணு நல்ல பொண்ணுதான். சாராயக்காரி மக அப்படிங்கிறதை ஊர் மறந்துடும்னு நம்புவோம்" என்று காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னவர். பீர் வேறு சாராயம் வேறு என்று அமலோற்பவம் சொல்ல வாயெடுத்தாள், குளோரி அவள் கையைக் கிள்ளினாள்.

ஆகவே அவள் தட்டு வாங்கக் கிளம்பினாள். நகரத்துப் பெரிய பாத்திரக் கடையில் பளபளவென்று ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். விலையைக் கேட்டுவிட்டு அவள், "அந்தக் காசுக்கு நானே அண்டாவுக்குள்ள இறங்கி உக்காந்துக்கலாம்" என்றாள். கடைக்காரன் சிரிக்கவில்லை, அவளுடைய வெள்ளைக் கால்கள் தரையில் பதித்த தடத்தைத் துடைக்கச் சொல்லி ஆளைக் கூப்பிட்டான். அடுத்த கடையில் பெரிய இட்லித் தட்டு வாங்கிவந்து போட்டுப் பார்த்தாள், ஈரத் தானியத்தின் கனத்தில் அது வாழையிலை மாதிரி மடங்கியது. மணல் சலிக்கிற சல்லடையை வட்டமாக வெட்டிப் போட்டாள், கம்பி பிரிந்து குழாயில் சிக்கியது. கடைசியில் ஆற்றுப்பாலத்துக்குக் கீழே பழைய இரும்பு எடைக்கு விற்கிற பொன்னுரங்கத்தின் குடோனுக்குப் போனாள்.

பொன்னுரங்கம் யாரையும் முகம் பார்த்துப் பேசாதவன். துருப்பிடித்த பற்சக்கரங்களுக்கும் லாரி மட்கார்டுகளுக்கும் நடுவில், துரு ஒரு பொட்டுக்கூட ஏறாமல், மூன்று குட்டைக் கால்களோடு ஒரு வட்டத் தட்டு சாய்ந்து நின்றது; உடம்பெல்லாம் ஓட்டை, ஒவ்வோர் ஓட்டையும் எள்ளளவு. அவள் தன் விரல்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், கால்களின் உயரம் சரியாக இரண்டு விரல்.

"தொட்டா வாங்கணும்" என்றான் பொன்னுரங்கம்.

"எங்கிருந்து வந்தது?"

"இரும்புக்குப் பூர்வீகம் கேக்குற ஆளை இப்பத்தான் பாக்குறேன். வேணும்னா எடு, வேணாம்னா நகரு. திரும்பக் கொண்டாந்தா வாங்க மாட்டேன்."

அவன் கேட்டது அவளால் கொடுக்க முடிகிற விலைதான். கோணியில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள், அண்டாவுக்குள் இறக்கினாள், அளவெடுத்துச் செய்தது மாதிரி உட்கார்ந்தது. அந்தத் தடவை இறங்கிய சாறு தேனைவிடத் தெளிவாக இருந்தது. அவள் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினாள், ஏனென்றால் காய்ச்சுகிறவள் குடிப்பதில்லை என்பது அவள் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு.

கல்யாணத்துக்குக் கீழ் லைனிலிருந்து ஒருவரையும் கூப்பிடக்கூடாது என்று இருதயநாதன் சொல்லியிருந்தார், கூப்பிடவில்லை. அடுத்த வீட்டில், ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஞானசுந்தரியையும் கூப்பிடவில்லை. அவள் அமலோற்பவத்தின் கணவன் சூசைக்கு அண்ணி, அவள் புருஷன் ஒரு திருவிழா நாளில் அமலோற்பவம் காய்ச்சியதைக் குடித்துவிட்டுக் குவாரி விளிம்பில் நடந்துபோய்க் குழிக்குள் விழுந்து செத்தவன், அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. சுவரில் ஆணி அடித்தால்கூட இரண்டு பக்கமும் மற்றவள் வேண்டுமென்றே அடிக்கிறாள் என்று நினைக்கும்.

பந்தலில் எல்லோரும் குடித்தார்கள். பங்குச் சாமியார் ஒரு சின்ன டம்ளர் குடித்தார், எல்லோரும் வாழ்த்துச் சொன்னபோது குளோரி ஒரு வாய் குடித்தாள், சூசை கணக்கில்லாமல் குடித்துவிட்டுப் பாடினான். பாயசம் பரிமாறுகிற நேரத்தில் இருதயநாதன் வெற்றிலை துப்ப வெளியே போய்த் திரும்பிவந்தார்; அவர் போன வழியில் தூள் மேல் தடம் இல்லை. யாரோ அதைப் பார்த்து, குனிந்து, அவருடைய செருப்புக்கும் தரைக்கும் நடுவில் வெளிச்சம் போவதைக் கண்டார்கள். பிறகு ஒவ்வொருவரும் தங்கள் காலைப் பார்த்துக்கொண்டார்கள். குடித்த அத்தனை பேரும் தரைக்கு இரண்டு விரல் மேலே நின்றார்கள், உட்கார்ந்தவர்கள் நாற்காலிக்கு இரண்டு விரல் மேலே உட்கார்ந்திருந்தார்கள், நடந்தால் நடக்க முடிந்தது, விழவில்லை, ஆடவில்லை, கண்ணுக்குத் தெரியாத ஒரு தட்டின் மேல் நிற்கிற மாதிரி உறுதியாகத்தான் இருந்தது. சாப்பாடு ஆறிவிடும் என்று யாரோ சொன்னார்கள், எல்லோரும் மறுபடியும் சாப்பிட்டார்கள்.

மறுநாள் தெளிந்துவிடும் என்று நினைத்தார்கள், தெளியவில்லை. கம்பெனி ஆஸ்பத்திரி டாக்டர் ஒவ்வொருவரையும் படுக்கவைத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, வேலைக்குப் போகத் தகுதி உண்டு என்று அனுப்பினார். கால் தரையில் படாதவர்களுக்குப் பூட்ஸ் எதற்கு என்று கம்பெனி பூட்ஸ் கொடுப்பதை நிறுத்தியது, இவர்களும் இனிமேல் எதற்கு என்று இருந்த செருப்புகளைத் தூக்கி எறிந்தார்கள். பிள்ளைகள் பெரியவர்களின் காலுக்கடியில் தீப்பெட்டிப் படங்களைச் சுண்டிவிட்டு விளையாடின. பங்குச் சாமியார் இதைப் பாவம் என்று சொல்லலாமா என்று யோசித்தார், ஆனால் அவரே பீடத்துப் படிக்கு இரண்டு விரல் மேலே நின்று யோசித்துக்கொண்டிருந்ததால், சிறகுள்ள சம்மனசுகளைப் பற்றி ஒரு பிரசங்கம் வைத்து அதோடு விட்டுவிட்டார். மழைக்காலம் வந்தது, சேறு அவர்கள் மேல் படவில்லை, அப்போதுதான் மேல் லைன்காரர்களுக்குத் தாங்கள் யார் என்பது உறைத்தது. தரையில் நிற்கிறவர்களுக்குத் தரையான் என்று பெயர் வைத்தார்கள். தண்ணீர்த்தொட்டியில் தரையான் தொட்ட குழாயைத் தேய்த்துக் கழுவினார்கள். இருதயநாதன் பேசும்போது தாடையை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார், இரண்டு விரல் உயரம் அவருக்கு இரண்டு மாடி உயரமாக இருந்தது.

கீழ் லைன்காரர்கள் முதலில் கேலி செய்தார்கள், பிறகு வழியெல்லாம் கருவேல முள்ளைப் பரப்பினார்கள், முள் யார் காலையும் குத்தவில்லை என்று கண்டதும் கூட்டமாக அமலோற்பவத்தின் வாசலுக்கு வந்தார்கள்.

"எங்களுக்கும் காய்ச்சிக் குடு" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

அமலோற்பவம் பதில் சொல்வதற்குள் இருதயநாதன் அவளுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். "ஒரு சொட்டு குடுத்தா இவ மக என் வீட்டுல இருக்க மாட்டா" என்றார், கூட்டத்தைப் பார்த்து இல்லை, அமலோற்பவத்தைப் பார்த்து. அன்றைக்கே அண்டாவுக்குக் காவலாக இரண்டு பேரைக் கொல்லைப்புறத்தில் போட்டார். அவள் அண்டாவில் கை வைத்தால் எதற்கு என்று கேட்டார்கள், கழுவ என்றால் கழுவ வேண்டாம் என்றார்கள்.

கீழ் லைன் பொன்னுரங்கத்தின் குடோனுக்கு ஓடியது. அமலோற்பவம் வாங்கியது போல ஒன்று வேண்டும், மலிவாக வேண்டும், இன்றைக்கே வேண்டும் என்று அவர்கள் நின்ற நிலையைப் பார்த்து அவன் முதல்முறையாக மனிதர்களை முகம் பார்த்தான். தகரப்பீப்பாய் மூடி, லாரிக் கதவு, ஊர்ப்பலகை, பழைய பீரோவின் முதுகு என்று கையில் கிடைத்ததையெல்லாம் வட்டமாக வெட்டி ஓட்டை போட்டான், மூன்று ஆணியைப் பற்றவைத்துக் கால் என்றான், "இதுவும் அதே ஜாதிதான்" என்று விற்றான். வீட்டுக்கு வீடு அண்டா ஏறியது, பெயிண்ட் வாசனையோடு பீர் வந்தது, குடித்தவர்களுக்கு வயிறு போனது, ஒருவரும் ஒரு மயிரிழைகூட உயரவில்லை. தொழில் ரகசியத்தை அமலோற்பவம் மறைக்கிறாள் என்று முடிவு கட்டினார்கள், அவள் கூரை மேல் கல் விழத் தொடங்கியது. கல் விழுகிற ஓட்டு வீட்டுக்குள் அவள் கஞ்சி காய்ச்சினாள், கல் விழுகிற கொல்லையில் துணி துவைத்தாள், இரண்டு லைனும் அவளை வெறுத்தன, ஒன்று அவள் கொடுத்துவிடுவாளோ என்று, மற்றது அவள் கொடுக்கவில்லையே என்று.

எறும்பை முதலில் பார்த்தது பிள்ளைகள்தான். மேல் லைன்காரர் நடந்தால் அவர் காலுக்கடியில், அந்த இரண்டு விரல் இடைவெளியில், ஓர் எறும்பு வரிசை கூடவே போனது. நின்றால் நின்றது, திரும்பினால் திரும்பியது. அவர்கள் வழக்கமாக நடக்கிற பாதையோரம், சுண்ணாம்பைத் தவிர ஒன்றும் அறியாத அந்த மண்ணில், புல் முளைத்தது, பூசணி படர்ந்தது, பூசணி சர்க்கரையாக இனித்தது. கீழ் லைன் ஆடுகள் அதை மேய்ந்து கொழுத்தன. இருதயநாதன் கொதித்துப்போனார், "அது எங்க இனிப்பு, எங்க உடம்புலேர்ந்து விழுந்தது" என்று பாதையை ஒட்டி முள்வேலி போட்டார். வேலியைக் கீழ் லைன் பிடுங்கியது. கல் எறிந்தார்கள், திருப்பி எறிந்தார்கள், ஒரு சினை ஆடு மண்டை உடைந்து செத்தது. ஆட்டுக்காரி அதைத் தூக்கிவந்து யார் வீட்டில் போடுவது என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அமலோற்பவத்தின் வாசலில் போட்டாள்.

அமலோற்பவம் அந்த ஆட்டைப் புதைத்தாள். குழி வெட்டிக்கொண்டே அவள் எறும்புகளைப் பற்றி நினைத்தாள். வீட்டில் சூசை பாடுவதை நிறுத்தி நாளாகியிருந்தது. மீன் குழம்பை வாயில் வைத்துவிட்டு "மண்ணு மாதிரி இருக்கு" என்பான், வெல்லத்தைக் கொடுத்தால் அதையும் மண் என்பான், பேசினால் குரல் உமியைக் கையில் தேய்க்கிற மாதிரி சரசரத்தது. கல்யாணமாகி முப்பது வருடத்தில் ஒரு கெட்ட வார்த்தை சொல்லாதவன் இப்போது காலையில் வாயைத் திறந்தாலே சொன்னான், சொல்லிவிட்டு வருந்தவும் இல்லை. மேல் லைன் முழுக்க அப்படித்தான் இருந்தது. தாய் பிள்ளையைக் கொஞ்சவில்லை, அண்ணன் தம்பி வேலியளந்து சண்டை போட்டார்கள், கீழ் லைனை வெறுத்தது போதாமல் ஒருவரை ஒருவர் வெறுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

குளோரி ஒரு மத்தியானம் அம்மா வீட்டுக்கு வந்தாள். வாசலைத் தாண்டும்போது தடுக்கினாள், அமலோற்பவம் எட்டிப் பிடித்தாள், பிடித்த கையில் கனமே இல்லை. காய்ந்த சோளத்தட்டையைப் பிடித்த மாதிரி இருந்தது. கீழே எறும்புகள் வாசல்படியில் மொய்த்து நின்றன.

"என்னடி இது, ஒண்ணுமே இல்லாமப் போயிட்ட."

"நல்லாத்தான் இருக்கேன். கையை விடு."

"நான் அந்தத் தட்டை எடுத்துடப் போறேன்."

குளோரியின் முகம் இறுகியது. "தொட்டுப் பாரு."

"உனக்கு என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியும்டி. தினம் பாக்குறவ நான். மேல இருக்கிறதுலேர்ந்து இனிப்பெல்லாம் இறங்கிக்கிட்டே இருக்கும், கடைசியில தட்டு மேல மிஞ்சுறது சக்கை. அதை நான் மாட்டுக்குக் கொட்டுறேன்."

"கல்யாணத்துக்கு முன்னால அந்த வீட்டுல காலடி வச்ச அன்னிக்கு என் மாமியார் என் கையால தண்ணி வாங்கிக் குடிக்கல, தெரியுமா? சாராயக்காரி பொண்ணுன்னு அடுப்படிக்கு விடல. இப்ப அதே பொம்பளை காலையில எந்திரிச்சதும் என் முகத்துல முழிக்கிறா. என் மாமனாரு ஊருக்கு முன்னால என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுறாரு. கீழ நின்னப்ப இதெல்லாம் எனக்கு யாரு குடுத்தா? நீ குடுத்தியா?" அவள் குரல் ஏறவே இல்லை, சரசரவென்று ஒரே சீராக வந்தது. "தட்டுல கை வச்சேன்னா நீ எனக்கு அம்மா இல்ல. அவ்வளவுதான்."

அவள் போனாள், எறும்புகளும் போயின.

கோயில் கொடியேற்றத்தன்று சப்பரம் சுற்றுகிற நேரம் பார்த்து அமலோற்பவம் கொல்லைப்புறம் போனாள். தரையான்களுக்கு முன்னால் உயர நடந்து காட்டுகிற வாய்ப்பை யாரும் விடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும், காவல்காரர்கள் இரண்டு பேரும் போயிருந்தார்கள். அண்டாவுக்குள் இறங்கித் தட்டைப் பிடித்து இழுத்தாள். அது பித்தளையோடு சேர்ந்து வளர்ந்த மாதிரி இருந்தது, அவள் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். நெம்ப ஒரு கடப்பாரை வேண்டும், நெம்பும்போது அண்டாவை அழுத்திப் பிடிக்க இன்னோர் ஆள் வேண்டும். வெயில் சுவர் உச்சியில் நின்றது. அவள் சுவரைச் சுற்றிக்கொண்டு அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றாள்.

ஞானசுந்தரி கூட்டத்தில் போகாமல் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் முறத்தைத் தட்டினாள்.

"அக்கா, கடப்பாரை வேணும்."

"எதுக்கு? எனக்குக் குழி வெட்டவா?"

"தட்டைப் பேக்கணும். ஒரு ஆளால முடியல. நீங்களும் வந்து பிடிக்கணும்."

ஞானசுந்தரி முறத்தைக் கீழே வைத்தாள். "உன் சரக்கு என் புருஷனைக் குழியில தள்ளுச்சு. பொணம் கிடந்த அன்னிக்கு இந்த வாசலை நீ மிதிக்கல."

"மிதிக்கல. வந்தா அடிப்பீங்கன்னு பயந்தேன்."

"அடிச்சிருப்பேன்."

"இப்ப அடிங்க. அடிச்சுட்டு வாங்க. அவங்க திரும்பி வர்றதுக்குள்ள முடிக்கணும்."

ஞானசுந்தரி எழுந்துவந்து அவள் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். அமலோற்பவத்தின் காதுக்குள் குவாரியில் வெடி வெடித்த மாதிரி இருந்தது. கண் தெளிந்து பார்த்தபோது ஞானசுந்தரி கதவுக்குப் பின்னாலிருந்து கடப்பாரையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்காக வரல" என்றாள். "என் தலைக்கு மேல நின்னு பேசுறானுங்க. அது எனக்குப் பிடிக்கல."

ஞானசுந்தரி அண்டாவைக் காலால் உதைத்துச் சுவரோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள், அமலோற்பவம் கடப்பாரையின் நுனியைத் தட்டின் விளிம்புக்குக் கீழே சொருகித் தன் முழு உடம்பையும் அதன் மேல் போட்டாள். முதலில் பித்தளை கிறீச்சிட்டது. "குழந்தை பெத்தவதானே, முக்குடி" என்றாள் ஞானசுந்தரி பல்லைக் கடித்துக்கொண்டு. மறுபடியும் முக்கினாள், ஒரு கால் விட்டது, இன்னொன்று விட்டது, மூன்றாவது கால் விட்டபோது தட்டு துள்ளி வெளியே வந்து விழுந்தது. அதே நொடியில் கோயில் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது, நூறு மூட்டையை ஒரே நேரத்தில் லாரியிலிருந்து கீழே போட்ட மாதிரி.

இரண்டு விரல் உயரத்திலிருந்துதான் விழுந்தார்கள், ஆனால் அத்தனை பேரும் ஒன்றாக விழுந்தார்கள், விழுவோம் என்று நினைக்காமல் விழுந்தார்கள். சப்பரம் சாய்ந்து மாதாவின் சுண்டுவிரல் உடைந்தது. பங்குச் சாமியார் நாக்கைக் கடித்துக்கொண்டார். இருதயநாதனுக்குக் கணுக்கால் பிசகியது. கீழ் லைன்காரர்கள் சிரித்த சிரிப்பில் குவாரிப் பாறை எதிரொலித்தது. செருப்பில்லாத கால்களோடு, மாதக்கணக்காகத் தரையை அறியாத பிஞ்சுப் பாதங்களோடு, மேல் லைன் முழுவதும் கருவேல முள் கிடந்த வழியில் நொண்டிக்கொண்டே அமலோற்பவத்தின் வீட்டுக்கு வந்தது. வழியெல்லாம் வெள்ளைத் தூளில் சிவப்புத் தடம்.

அண்டாவைக் கல்லுடைக்கிற சம்மட்டியால் நசுக்கினார்கள். தட்டைத் துண்டு துண்டாக உடைத்தார்கள், உடைத்த துண்டை இன்னொருவன் எடுத்துவிடுவானோ என்று அதற்கும் அடித்துக்கொண்டார்கள். சூசை மட்டும் கொல்லையில் ஓர் ஓரமாக, தன் இரண்டு உள்ளங்காலையும் மாற்றி மாற்றித் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருதயநாதன் மகனின் தோளைப் பிடித்து நின்றுகொண்டு, "உன்னை இந்த லைன்ல இருக்க விடமாட்டேன்" என்றார். அவர் சொன்னதைச் செய்தார். பழைய அனுமதியைக் கம்பெனிக்கு ஞாபகப்படுத்தினார், கம்பெனி அதை ரத்து செய்தது, வீட்டைக் காலி செய்யச் சொன்னது. அண்டாவை நசுக்கிய அன்றைக்கு ஞானசுந்தரி கடப்பாரையோடு தன் வீட்டு வாசலில் நின்றாள், அவளை யாரும் நெருங்கவில்லை. அமலோற்பவம் அவளைப் பார்த்தபோது அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாள் போகப்போகச் சோறு ருசித்தது, குரல் ஈரமானது, தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டார்கள். அதற்காக அமலோற்பவத்துக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. அவள் தொட்டிக்குப் போனால் மேல் லைனும் விலகியது, கீழ் லைனும் விலகியது. அந்த ஒன்றில் இரண்டு லைனும் ஒற்றுமையாக இருந்தன.

சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த காலையில் குளோரி வந்தாள். கால் இரண்டிலும் கட்டு, நொண்டி நொண்டி வந்தாள், வாசலில் வந்து நின்று மூச்சு வாங்கினாள்.

"என்னைக் கேட்டியா?" என்றாள்.

அமலோற்பவம் கையிலிருந்த பானையைக் கீழே வைத்தாள்.

"என் உடம்புதானே? என்னைக் கேட்டியா நீ?"

"கேட்டேன். வேணாம்னு சொன்ன."

"வேணாம்னு சொன்னா வேணாம்தானே. அந்த வீட்டுல மறுபடியும் அடுப்படிக்கு விடமாட்டேங்குறாங்க. உன் மருமகன் வாயைத் திறக்க மாட்டேங்குறாரு. உனக்கு என்ன, நீ லாரி ஏறிப் போயிருவ, நான்தானே இங்க கிடந்து சாகணும்." அவள் குரல் உடைந்து ஏறியது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, மூக்கிலிருந்தும் கொட்டியது, துடைக்காமல் திட்டினாள். சின்ன வயதில் வாங்கித் தராத கொலுசிலிருந்து தொடங்கினாள், பள்ளிக்கூடத்தில் தன் மேல் அடித்த புளித்த வாசனையைச் சொன்னாள், ஒரு பிள்ளையும் பக்கத்தில் உட்காராததைச் சொன்னாள், சாராயக்காரி என்றாள், பாவி என்றாள், உன் முகத்திலேயே முழிக்க மாட்டேன் என்று முகத்தை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னாள். லாரிக்காரன் ஹாரன் அடித்தான், சூசை அவனைச் சும்மா இரு என்று கையமர்த்தினான்.

அமலோற்பவம் மகளின் முகம் சிவந்து வீங்குவதையும், கழுத்தில் நரம்பு புடைப்பதையும், சேலையின் முன்பக்கம் கண்ணீரில் நனைந்து உடம்போடு ஒட்டுவதையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு கட்டத்தில் குளோரிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி குடு" என்றாள்.

அமலோற்பவம் கட்டி வைத்த மூட்டையை அவிழ்த்து, சொம்பைத் தேடி எடுத்து, மொண்டு கொடுத்தாள். குளோரி அதை அண்ணாந்து முழுக்கக் குடித்தாள், புறங்கையால் வாயைத் துடைத்தாள், சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு மறுபடியும் திட்டத் தொடங்கினாள்.